காரங்காட்டு நண்டும் தந்தைவழி ஜீனும்

"கைய எடுங்கய்யா! விரல் நசுங்கினா கோர்ட்டு பொறுப்பில்ல!"

மலையாண்டி தோளால் இடித்த இடியில் ராமநாதபுரம் 'ஹிருதய ஜீன் கேர்' கிளினிக்கின் கண்ணாடிக் கதவு திறந்துகொண்டது. தடுத்து நின்ற கம்பவுண்டர் சுவரில் போஸ்டர் போல ஒட்டிக்கொண்டார். அந்த இடைவெளியில் மகேஸ்வரி உள்ளே பாய்ந்தாள். கடைசிக் கட்டிலில் படுத்திருந்தவனின் தலைக்கு மேல் ஒரு பாட்டில் தொங்கியது. குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் கீழே தள்ளினாள். சொட்டு நின்றது.

"யாரு நீங்க? எதுக்கு நிறுத்துனீங்க?" படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"மகேஸ்வரி. துப்பறியும் தொழில். இவரு என் உதவியாளர் மலையாண்டி. உங்களைப் பிழைக்க வைக்கச் சொல்லி ஃபஸீலா அனுப்பியிருக்காங்க."

அவன் பெயர் சஃபீர். முப்பத்தெட்டு வயது. சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பி, தொண்டியில் ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவன். சிகரெட் பழக்கத்தோடு ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் உண்டு. அவற்றுக்கு அரசு ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரைகளை இந்தக் கிளினிக்கின் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட்டான். போன ரமலானுக்கு முன்னால் அவன் அண்ணன் காஜா நவாஸும் இதே கட்டிலில் படுத்தார், இதே பேச்சைக் கேட்டு இதே மாத்திரையை நிறுத்தினார். ஒரு விடிகாலையில் தொழுகைக்குக் கைகால் கழுவப் போனவர், குழாயடியிலேயே சரிந்தார். காஜா நவாஸின் தங்கை ஃபஸீலா நேற்று மகேஸ்வரியின் வாசலில் நின்று சொன்னது ஒரே வாக்கியம்: "ஒரு ஜனாஸா தூக்குனது போதும் மேடம்."

மகேஸ்வரி ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பொய்க் கணக்குப் பிடித்துக் கொடுத்தவள். ஜனங்களின் பொய்யைக் கண்டுபிடித்தால் சம்பளம், கம்பெனியின் பொய்யைக் கண்டுபிடித்தால் மெமோ என்று புரிந்ததும் வெளியே வந்துவிட்டாள். மலையாண்டி ரிட்டயர்ட் கோர்ட் அமீனா. ராமநாதபுரம் ஜில்லாவில் அவர் ஜப்தி செய்யாத பீரோ இல்லை.

"மேடம், கவனிச்சீங்களா?" மலையாண்டி மூக்கை உறிஞ்சினார். "கீழ புரோட்டாக் கடை, மேல இதய ஆஸ்பத்திரி. கீழ உள்ள போடுறான், மேல வெளிய எடுக்கிறான். ஒரே ஓனரா இருக்குமோ?"

"எந்திரிங்க சஃபீர். போகலாம்."

"வர மாட்டேன்." தலையணைக்கு அடியிலிருந்து பளபளப்பான தாள் ஒன்றை உருவி நீட்டினான் சஃபீர். "இதப் படிச்சுட்டுப் பேசுங்க. நவாஸ் காக்காவுக்கும் இதேதான் வந்துச்சு. வாப்பா மவுத்தானதும் ஹார்ட் அட்டாக்குலதான். எங்க ரத்தத்துலயே எழுதியிருக்கு. மாத்திர இந்த ஜீனக் கோபப்படுத்துமாம். காக்கா லேட்டா நிறுத்துனாரு, அதான் போயிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு."

மகேஸ்வரி படித்தாள். டி.எல்.ஆர்.4 என்னும் எதிர்ப்புச் சக்தி ரிசெப்டர் ஜீன், பழுது. மூலம், தந்தைவழி. சகோதரரின் எச்சில் மாதிரியோடு முழுப் பொருத்தம். தாளின் ஓரத்தில் தங்க நிறத்தில் ஓர் இதயம் வேறு, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

"இதுல பாதி நிஜம் சஃபீர். பாதி நிஜத்துல முக்கி எடுத்த பொய்தான் நல்லா விலை போகும். ஜி.ஹெச். இதய டாக்டரம்மாகிட்ட உட்கார்ந்து கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நம்ம கடலோரச் செக்போஸ்ட் தெரியும்ல? உடம்புல அந்த மாதிரி காவல்காரன் இருக்கான், அவன் பேருதான் ரிசெப்டர். கள்ளப்படகு வந்தா விசில் அடிப்பான். விசில் கேட்டா படை ஓடி வரும், அடிதடி நடக்கும். அந்த அடிதடிதான் அழற்சி. கிருமி வந்தா அது வேணும். சில பேருக்குப் பிறவியிலேயே காவல்காரன் கொஞ்சம் முன்கோபி. மீன் கூடை வந்தாலும் விசில்தான். ரத்தக்குழாய்ச் சுவர்ல கொழுப்பு ஒதுங்கின இடத்துல அடிதடி ஓயாம நடந்தா, ஒருநாள் சுவர் பிளந்து ரத்தம் கட்டி அடைச்சுக்கும். மாரடைப்பு. இதுவரைக்கும் நிஜம்."

"அப்பறம் என்ன?"

"அப்பறம்தான் புளுகு. ஒரு காவல்காரன் முன்கோபின்னா ஊரே எரிஞ்சிடாது. இதுல பல ஜீன் இருக்கு, ஒவ்வொண்ணும் தராசுல ஒரு கடுகு. இந்த டி.எல்.ஆர்.4 பத்தியே ஒரு ஆராய்ச்சி ஆமாங்குது, அடுத்தது இல்லங்குது. உங்க தராசுல கல்லா உக்காந்திருக்கிறது கொதிப்பும் கொழுப்பும் சிகரெட்டும். நீங்க நிறுத்தின அந்தக் கொழுப்பு மாத்திரை அடிதடியையும் கொஞ்சம் அடக்குமாம். ஒத்த ஜீனைக் காட்டிச் சாவுக்கு நாள் குறிக்கிறவன் டாக்டர் இல்ல, கிளி ஜோசியன்."

"கிளி ஜோசியனாவது கிளிக்கு நெல்லு போடுவான் மேடம்," என்று அடுத்த அறையிலிருந்து மலையாண்டியின் குரல் வந்தது. டாக்டரின் அறை அது. டிராயர் திறந்து மூடும் சத்தமும் கூடவே வந்தது.

சஃபீர் தலையை ஆட்டினான். "சாயங்காலம் டாக்டர் வந்து ரீசெட் ஊசி போடுவாரு. அதோட ஜீன் சரியாயிரும். அவரு புளுகுறார்னு ரிப்போர்ட்டுலயே காட்டுங்க, எந்திரிச்சு வாரேன். இல்லன்னா சக்கரத்தத் திறந்துவிட்டுட்டு நடையக் கட்டுங்க."

டாக்டர் சேதுமாதவன் மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிறவர். இப்போது லாட்ஜில் ஓய்வு. நோயாளிகளுக்கு ஓய்வே கிடையாது, அவர்களுடைய பணத்துக்கும்.

மலையாண்டி சட்டைப் பையைத் தட்டியபடி வெளியே வந்தார்.

"என்னண்ணே அது?"

"ஜப்தி மேடம். விவரம் அப்பறம்."

அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே கரகரவென்று ஏதோ சுரண்டியது. மலையாண்டி ஒரு முழம் துள்ளினார். பனையோலைக் கொட்டான் ஒன்று தானாக நகர்ந்தது. உள்ளே கொடுக்குகள் கட்டப்பட்ட சேற்று நண்டுகள், கையகலத்துக்கு ஒவ்வொன்றும்.

"இது யாரு கொண்டுவந்தது?" என்றாள் மகேஸ்வரி.

"காரங்காட்டுல இருந்து ஒரு பெருசு," என்றார் கம்பவுண்டர், தோளைத் தடவிக்கொண்டே. "காலையில வந்து இவரப் பாக்கணும்னுச்சு. வெளியாள விடக்கூடாதுன்னு சார் உத்தரவு. கதவுலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டோம். இத வச்சுட்டுப் போயிருச்சு."

மகேஸ்வரி அந்த நண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாடிப்படிக்கு வந்தாள். அங்கே ஃபஸீலா கறுப்புப் புர்காவில், கைப்பையை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஃபஸீலா, உங்க வீட்ல நண்டு சமைப்பீங்களா?"

"எங்க உம்மா அடுப்படிக்குள்ள நண்ட ஏத்தவே மாட்டாக. எங்க யாருக்கும் பிடிக்காது. சஃபீரு மட்டும் உசுர விடுவான்."

"நோயாளியப் பாக்க வர்றவன் ஆப்பிள் வாங்கிட்டு வருவான். ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வருவான். உசுரோட நண்டு கட்டிக் கொண்டுவர்ற அந்தப் பெரியவர் யாரு?"

ஃபஸீலா சொன்னாள். நாலே வார்த்தை. அதற்குள் கீழே புரோட்டாக் கடையில் ஓசியில் வாங்கியிருந்த வடை மலையாண்டியின் வாய்க்குப் பாதி வழியில் நின்றுபோனது.

"இது டாக்டருக்குத் தெரியுமா?" என்றாள் மகேஸ்வரி.

"அவரு கேக்கலியே மேடம். ஊருக்கே தெரிஞ்சது, அத எதுக்குப் போயி தனியாச் சொல்லணும்?"

மகேஸ்வரி சிரித்தாள். இந்தக் கிளினிக்குக்குள் நுழைந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

"நீங்க போய்த் தம்பி பக்கத்துல உக்காருங்க. அந்தச் சக்கரத்த எவனும் தொடக்கூடாது."

"தொட்டா கைய ஒடிச்சிருவேன்," என்று ஃபஸீலா மேலே ஏறினாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டியதும் மலையாண்டிக்குப் பேச்சு வந்தது. மகேஸ்வரியின் பழைய கார், அவர் உட்கார்ந்த பக்கமாகச் சாய்ந்தே ஓடியது.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம். எங்க அய்யா தொண்ணூறு வரைக்கும் இருந்தாரு. அவரு ஜீன்தான எனக்கும்? அப்ப நான் தைரியமா ரெண்டு புரோட்டா சேத்துச் சாப்பிடலாமா?"

"உங்க அய்யா கடலாடியில ஏர் உழுதாரு. நீங்க ஏசி கோர்ட்டுல தூங்குனீங்க. ஜீன் ஒண்ணுதான், தொந்தி உங்க சொந்தச் சம்பாத்தியம்."

"அய்யாவ இழுக்காதீங்க," என்று மலையாண்டி வயிற்றை உள்ளிழுத்தார். அது உடனே திரும்பி வந்துவிட்டது.

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடும் துறையில் அந்தப் பெரியவர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் இமானுவேல். எழுபதைத் தாண்டியவர். கை நரம்புகள் கயிறு மாதிரி புடைத்திருந்தன.

"நான் வல்லம்மா," என்றார், நிமிராமலே. "கண்ணாடிக் கதவுக்கு வெளிய நிக்க வச்சு, மீன் வாட அடிக்குதுன்னு சொல்லிட்டாய்ங்க. அவன் நல்லாருந்தாச் சரி."

"நல்லா இல்லய்யா. சாயங்காலம் ஊசி போடப் போறாங்க. காஜா நவாஸுக்குப் போட்ட அதே ஊசி."

பெரியவர் கையிலிருந்த வாளி படகுக்குள் விழுந்தது. "அடப்பாவிகளா. நவாசத் தின்னது பத்தலியா?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வர எடுத்துக்கொண்டது, மலையாண்டி ஒரு இளநீரை முடிக்கிற நேரம்தான். காரில் மலையாண்டி தன் கைக்கடிகாரத்தையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார்.

"எதுக்குய்யா இது?"

"இப்ப நீங்க இறால் பண்ண மொதலாளி. வாயத் தொறக்காதீங்க. மொதலாளிமாரு பேசினா யாரும் நம்ப மாட்டாங்க."

அவர்கள் திரும்பி வந்தபோது டாக்டர் சேதுமாதவன் தன் அறையில் இருந்தார். அழகான மனிதர். பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள் பெயரைவிட நீளமாக இருந்தன. கறுப்புக் கண்ணாடியையும் கடிகாரத்தையும் கண்டதும் காலையில் மீன் வாடையடித்த அதே மனிதருக்கு நாற்காலி துடைத்துப் போடப்பட்டது. கம்பவுண்டருக்கு அடையாளமே தெரியவில்லை. பணத்துக்கு நல்ல வாசனை.

"அறுபது ஏக்கர் இறால் பண்ணை," என்றார் மலையாண்டி பவ்யமாக. "பயந்துட்டாரு. ஜீனப் பாக்கணுமாம்."

"ரொம்ப சரியான முடிவு," என்று டாக்டர் முன்னால் குனிந்தார். "உங்க அப்பா எப்படி இறந்தாங்க சார்?"

"கடல்ல."

"ஹார்ட் அட்டாக்கா?"

"பொயலு."

டாக்டர் கொஞ்சம் ஏமாந்து போனார். "பரவாயில்ல. அம்மா வழியில பாத்துக்கலாம்."

மகேஸ்வரி குறுக்கிட்டாள். "டாக்டர், முதலாளிக்கு நம்பிக்கை வரணும். யாராவது நோயாளி மூலமா விளக்குனா நல்லது."

டாக்டர் எழுந்தார். அவருக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. "வாங்க. நம்ம சஃபீர் கேஸே போதும். அவரோட அப்பா வாவு முகம்மது, அண்ணன் காஜா நவாஸ், ரெண்டு பேருமே ஹார்ட். மூணு பேருக்கும் ஒரே ஜீன். டெஸ்ட்டுல அச்சு அசலா வந்திருக்கு. ரத்தம் பொய் சொல்லாது மேடம்."

"முதலாளிக்கும் சஃபீருக்கும் ரத்தத்துல ஏதாவது ஒத்துமை இருக்க வாய்ப்பிருக்கா?"

டாக்டர் பெரியவரை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "அவங்க தொண்டி மரைக்காயர் வீடு. இவரு கட்டே வேற, ரத்தமே வேற. எங்களுக்கு ஒரு பார்வை போதும்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"ஸ்டாம்ப் பேப்பர்லயே கொடுப்பேன்!"

திரையை விலக்கி எல்லோரும் உள்ளே போனார்கள். கட்டிலருகே ஃபஸீலா காவல் தெய்வம் போல உட்கார்ந்திருந்தாள். மருந்து நிரப்பிய ஊசியைத் தட்டில் ஏந்தியபடி கம்பவுண்டர் அவளுக்குப் பயந்து மூலையில் நின்றார்.

சஃபீர் தலையைத் தூக்கினான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தை அவன் ஒரே நொடியில் கண்டுகொண்டான்.

"அய்யா! இது என்ன வேசம்? நீங்க எங்க இங்கன?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னயப் பாக்கத்தாம்லே வந்தேன்."

"ஓ, முதலாளியத் தெரியுமா உங்களுக்கு?" என்றார் டாக்டர் மலர்ந்த முகத்தோடு.

"தெரியாம இருக்குமா?" என்றாள் மகேஸ்வரி. "பெத்தவரு."

டாக்டர் பெரியவரையும் சஃபீரையும் மாறி மாறிப் பார்க்க, மகேஸ்வரி தொடர்ந்தாள்.

"இவர் பேர் இமானுவேல். வாவு முகம்மதோட படகுல ஆளா இருந்தவர். மனைவி பிரசவத்துல இறந்துட்டாங்க. அப்ப கைக்குழந்தையா இருந்த ஃபஸீலாவோட சேர்த்து, அவங்க உம்மா உம்மு ஹபீபா இந்தப் பிள்ளைக்கும் பால் கொடுத்துத் தன் வீட்டுலயே வளர்த்தாங்க. வாவு முகம்மதுக்கும் சஃபீருக்கும் ஒரு சொட்டு ரத்தச் சம்பந்தம் கிடையாது. அப்புறம் எப்படி டாக்டர் உங்க மெஷின்ல 'தந்தைவழி'ன்னு வந்துச்சு? உங்க மெஷின் எச்சிலப் பாக்கலை. வாசல்ல கேக்கிற குடும்பக் கதையத்தான் பாக்குது."

டாக்டரின் அழகு கொஞ்சம் கலைந்தது. மகேஸ்வரி வெற்றியோடு சஃபீரைப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

"இது என்ன பெரிய ரகசியம் மேடம்?" என்றான் நிதானமாக. "எனக்குத் தெரிஞ்சதுதான. நாங்க ஒரே பால் குடிச்சவங்க. ஃபஸீலாவ நான் கட்ட முடியாது. ஏன்? அவ என் கூடப்பொறந்தவ, மார்க்கமே அப்படித்தான் சொல்லுது. நவாஸ் எனக்குக் காக்கா. அப்பக் காக்காவுக்கு இருந்த நோவு எனக்கும் பால் வழியா வந்திருக்கும்லா?"

இதை மகேஸ்வரி எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதமாக அவனுக்குச் சந்தேகமே வராமல் போனதற்கு இதுதான் காரணமா?

மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்தது. டாக்டர் துள்ளினார். "கரெக்ட்! அதேதான்! தாய்ப்பால் மூலமா ஜீன் உள்ள போயிடும். இதத்தான் நான் ஆரம்பத்துலருந்தே சொல்றேன். கம்பவுண்டர், ஊசியக் கொண்டா!"

ஃபஸீலா எழுந்து குறுக்கே நின்றாள். "பால்ல உறவு வரும்லே சஃபீரு. நோவு வராதுலே!"

"டாக்டருக்குத் தெரியாதா புள்ள?"

மகேஸ்வரி அந்தப் பளபளப்பான தாளை எடுத்தாள். "டாக்டர் சொல்றது சரின்னே வச்சுக்குவோம். பால் வழியாத்தான் வந்துச்சு. சஃபீர், இந்த வரியச் சத்தமாப் படிங்க."

சஃபீர் படித்தான். "மூலம், தந்தைவழி."

"அதாவது உம்மு ஹபீபாகிட்ட இருந்து வரல. வாவு முகம்மதுகிட்ட இருந்து வந்திருக்கு. பால் வழியா." மகேஸ்வரி டாக்டர் பக்கம் திரும்பினாள். "அவரு எப்ப டாக்டர் பால் கொடுத்தாரு?"

மலையாண்டிதான் முதலில் சிரித்தார். பிறகு கம்பவுண்டர், அடக்க முடியாமல். தட்டில் இருந்த ஊசி உருண்டு தரையில் விழுந்தது.

சஃபீர் சிரிக்கவில்லை. தாளைத் திரும்பப் படித்தான். பிறகு டாக்டரைப் பார்த்தான். ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை அது. டாக்டர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். சஃபீர் கையில் ஒட்டியிருந்த பட்டையைப் பிய்த்தான், ஊசியை உருவி எறிந்தான். இமானுவேல் வந்து ரத்தம் கசிந்த இடத்தைத் தன் பெருவிரலால் அழுத்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்லலே. வா போவோம். நண்டு காத்துக் கெடக்கு."

"இது மோசடி! அத்துமீறல்! போலீசக் கூப்பிடுவேன்!" என்றார் டாக்டர்.

"கூப்பிடுங்க, நாங்களும் அங்கதான் போறோம்," என்றாள் மகேஸ்வரி. "காஜா நவாஸ் விஷயமாப் பேச. மாத்திர ஜீனக் கோபப்படுத்தும்னு சொல்லி நிறுத்தவச்சீங்களே, அதப் பத்தி."

"அது என் மருத்துவ நம்பிக்கை! அந்த மாத்திரைகள் விஷம். எனக்கு மனசாட்சி இருக்கு. நான் மனசார நம்புறதத்தான் நோயாளிக்குச் சொன்னேன். எந்தக் கோர்ட்டும் என்னை ஒண்ணும் செய்ய முடியாது!"

படியை நோக்கி நடந்த சஃபீர் நின்றான். "என் மாத்திரையப் பூராக் கடல்ல எறிஞ்சுட்டேனே மேடம்."

"ஜி.ஹெச்.சுக்குத்தான் போறோம். புதுசு தருவாங்க," என்றாள் மகேஸ்வரி.

மலையாண்டி சட்டைப் பைக்குள் கைவிட்டு, பாதி கிழித்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுவா பாரு தம்பி. முழுங்கிராத, பேர மட்டும் பாரு."

சஃபீர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இதேதான்! காக்காவும் இதத்தான் சாப்பிட்டாரு. இதத்தான் டாக்டரு நிறுத்தச் சொன்னாரு. எங்கன கிடைச்சுச்சு?"

"ஜப்தி," என்றார் மலையாண்டி. டாக்டரின் கைக்குட்டை நெற்றியிலேயே நின்றது. "டாக்டர் மேசையோட மேல் டிராயர். அவரு பேரு எழுதுன டப்பாவுல இருந்துச்சு. தெனம் ஒண்ணு தவறாமப் போட்டிருக்காரு."